சின்ன இடிக்கு கிளெய்ம் போடலாமா, கைக்காசைப் போடலாமா?

போன மாதம் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் தூணில் உரசிக் கிழிந்தது. ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் 9,000 ரூபாய்: பம்பர் 5,000, பெயின்ட் 3,000, கூலி 1,000. "இன்சூரன்ஸ் இருக்குல்ல சார், போட்டுடலாம்" என்றார் அங்கிருந்தவர். சரி என்று சொல்வதற்கு முன், எஸ்டிமேட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கிளெய்ம் போட்டால் பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் என்று 50 சதவீதம் கழிப்பார்கள். பம்பரில் பாதி என் தலையில். பெயின்டிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம், 1,500 சிசி வரையான காருக்கு 1,000. எல்லாம் போக வருவது சுமார் 5,000.

இழப்பது? கிளெய்ம் இல்லாத வருடங்களுக்குத் தரும் என்.சி.பி. தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படியேறும். நான் 35-இல் இருக்கிறேன். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் பூஜ்யம், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். நம் வண்டியின் சேதத்துக்கான சொந்தச் சேதப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 என்று வைத்துக்கொண்டால், கிளெய்ம் போடாமல் இருந்தால் கிடைக்கும் 45 சதவீதம் போய், அடுத்த வருடம் மட்டும் 4,500 கூடுதல். அப்புறம் 50 சதவீதத்தை எட்டும்வரை வருடா வருடம் 3,000, 2,500, 1,500, 500. ஐந்து வருடத்தில் 12,000, அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வருடா வருடம் காரின் மதிப்பு இறங்குவதால் இது கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 5,000 ரூபாய்க்காக இதை விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. கைக்காசைக் கொடுத்துவிட்டேன்.

கூடுதல் பிரீமியம் கட்டி ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால்? தேய்மானம் பிடிக்க மாட்டார்கள். எனக்கு 8,000 வந்திருக்கும். அப்போதும் கைக்காசுதான் லாபம். ஜீரோ டெப் நன்றாக உதவுவது கதவு, ஹெட்லைட் என்று பில் 40,000, 50,000 தாண்டும்போது. அந்த அளவுக்கு அடிபட்டால் யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் போடுங்கள்.

அடிக்கடி இடிபடும் வண்டி என்றால் கணக்கே வேறு. இந்த வருடம் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போயிருந்தால் தள்ளுபடியும் போயிற்று. இரண்டாவது கிளெய்மால் இழக்க அந்தப் படிகள் இல்லை. ஆனால் கம்பெனி கிளெய்ம் சரித்திரத்தைப் பார்த்து ரின்யூவலில் பிரீமியத்தை ஏற்றலாம். முன்பக்கம் ஒரு நாள், பின்பக்கம் ஒரு நாள் இடித்ததை ஒரே கிளெய்மாக எழுதவும் முடியாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் தனித்தனியாகத்தான் பார்ப்பார், பிடித்தமும் தனித்தனி.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தேர்ட் பார்ட்டி மட்டும், அதாவது நம் வண்டிக்கு இல்லாமல் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு மட்டும், போடுபவர்கள் உண்டு. அதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையான காருக்கு 3,416 ரூபாய். எத்தனை முறை இடித்தாலும் அது ஏறாது, என்.சி.பி.யும் அதற்குக் கிடையாது. பத்து வருடப் பழைய காருக்குச் சரி. கடன் கட்டிக்கொண்டிருக்கும் காருக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு பெரிய விபத்தில் வண்டி போய்விடும், தவணை மட்டும் நிற்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கிளெய்ம் போட்டுவிட்டு, வேறு கம்பெனிக்கு மாறும்போது "இல்லை" என்று எழுதித் தள்ளுபடி வாங்காதீர்கள். பழைய கம்பெனியிடம் கேட்டால் தெரிந்துவிடும். பெரிய விபத்து நடந்த பிறகு தெரிந்தால், கையில் ஒன்றும் வராமலே போகலாம்.