முன்பல் ஓரம் உடைந்ததற்குக் கேப் (பல் உறை) போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்: எனக்குப் போனது ரூ.46,000

ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு விளம்பரப் பலகை வைத்திருக்கும், கிளைகள் பல கொண்ட ஒரு பல் மருத்துவமனை என்னிடம் ரூ.46,000 வாங்கிக்கொண்டு நல்ல பற்களையும் நாசமாக்கி அனுப்பியிருக்கிறது. எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்கூட்டரில் இருந்து விழுந்ததில் மேல்வரிசை முன்பற்கள் இரண்டின் ஓரம் தெறித்துவிட்டது. வலியோ கூச்சமோ இல்லை; சிரித்தால்தான் அசிங்கமாகத் தெரிந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் என் முகத்தைப் படமெடுத்து, முத்துப் பல்வரிசையோடு நான் சிரிப்பதைக் கணினியில் காட்டினார். பல் நிறப் பூச்சு வைத்தால் போதாதா என்று கேட்டேன். "அக்கா, அது காபி பட்டாலே கறுத்துவிடும், ஆறு மாதத்தில் உதிர்ந்துவிடும். என் கூடப்பிறந்த அக்கா வந்திருந்தாலும் கேப்தான் போட்டிருப்பேன்" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் சீட்டு எடுத்த பணம் ரூ.46,000-ஐக் கவுன்ட்டரில் எண்ணி வைத்தேன்.

உடைந்தது இரண்டு பல், ராவியது நான்கு. "பக்கத்துப் பல்லின் நிறமும் ஒத்துப்போக வேண்டுமே" என்று, ஊசி போட்டு உதடு மரத்த பிறகு சொல்கிறார். உறிஞ்சு குழாயை வாயில் வைத்துக்கொண்டு யாரால் மறுத்துப் பேச முடியும்? தற்காலிகக் கேப் ஒன்று இட்லி சாப்பிடும்போதே கழன்று தட்டில் விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன்: சீவிய பென்சில் போல, மஞ்சளாக ஒரு முளை.

நிரந்தரக் கேப் போட்ட பிறகு தண்ணீர் பட்டாலே உயிர் போகிறது. தொலைபேசியில் அழைத்தால் "பழகிவிடும், மேடம்." அடுத்த முறை, "டாக்டர் வேறு கிளைக்கு மாறிவிட்டார், மேடம்." நேரில் போனால், ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை வேண்டுமாம், அதற்குத் தனிக் கட்டணமாம்! பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு என் கையெழுத்துள்ள ஒப்புதல் படிவத்தை நீட்டுகிறார்கள். ரசீதில் 'பல் சிகிச்சை – ரூ.46,000' என்பதைத் தவிர ஓர் எழுத்து இல்லை.

அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பழைய படத்தைக் காட்டினேன். இந்த அளவு உடைசலுக்குப் பல்லை ராவ வேண்டிய அவசியமே இல்லையாம். பல்லின் கடினமான மேலடுக்கான எனாமலில் அமிலக் களிம்பு தடவிக் கழுவி, பல் நிறப் பிசினை (நான் கேட்ட அதே பூச்சு) அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளியில் இறுக்கிவிடுவார்களாம். பெரும்பாலும் ஒரே அமர்வு. எனாமலில் பிசின் பிடிக்கும் என்பது 1955-லேயே தெரிந்துவிட்ட விஷயம். கறை பிடித்தால் மெருகேற்றலாம், உதிர்ந்தால் அங்கே மட்டும் மறுபடி வைக்கலாம். கேப்புக்கோ பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல்கூடச் சீவுகிறார்கள். பல் முளைத்ததும் எனாமலை உண்டாக்கும் செல்கள் அழிந்துவிடுவதால் போன எனாமல் திரும்ப வளராது. இதை அந்த இளம் மருத்துவர் படிக்காமலா பட்டம் வாங்கியிருப்பார்?

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இந்தப் பல் கூச்சத்தில் முடியவில்லை. உடைந்த துண்டு கிடைத்தால் பாலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சில சமயம் அதையே ஒட்டிவிடலாம். எத்தனை பல்லை ராவுவார்கள் என்பதை ஊசிக்கு முன்பே எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே உங்கள் கைக்கு வராமல் முன்பணம் கட்டாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், அந்த ரூ.46,000-ஐ விடுவதாக இல்லை.