பின் அறைக்கு வைஃபை: எக்ஸ்டெண்டரா, மெஷ்ஷா, ஒரு கேபிளா?

பைபர் லைன் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்). ரவுட்டர் புதியது, வைஃபை 6. முன் ஹோலில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 90ஐத் தாண்டுகிறது. அதே போனைப் பின் அறைக்குக் கொண்டுபோய் மகள் படிக்கும் மேசையில் வைத்தால் 8. கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போல எங்கள் வீடும் முகப்பு ஒடுக்கம், உள்ளே நீளம். இடையில் மூன்று சுவர், ஒரு குசினி. பைபர் கம்பனி தந்த பழைய பெட்டி மட்டும் இருந்தபோதும் பின் அறையில் கிட்டத்தட்ட இதே வேகம்தான். புது ரவுட்டருக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று இரண்டு வாரம் தேடினேன். தேடியதில் தெளிவானதை, காசு செலவழிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் லைனா, வைஃபையா என்று பிரித்துவிடுங்கள். ஒரு லப்டொப்பை நெட்வேர்க் கேபிளால் நேரே ரவுட்டரில் செருகி டெஸ்ட் போடுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் வீட்டுக்குள் எதை மாற்றியும் பயனில்லை. மாத டேட்டா முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கலாம், அல்லது கம்பனிக்கு அழைக்க வேண்டும். பெரிய பேக்கேஜ் எடுத்தும் கேபிளில் 94ஐத் தாண்டவில்லையா? ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், அல்லது கேபிளுக்குள் ஒரு கம்பி அறுந்து இணைப்பு 100க்கு இறங்கியிருக்கும். இன்னொன்று, டவுன்லோட் ஆகும்போது லப்டொப் காட்டுவது பெரும்பாலும் மெகாபைட் கணக்கு. 8ஆல் பெருக்கினால்தான் எம்பிபிஎஸ். வினாடிக்கு 12 மெகாபைட் என்று பார்த்துவிட்டு 100 எம்பிபிஎஸ் லைனைக் குறை சொல்லாதீர்கள்.

கேபிளில் வேகம் சரியாக இருந்தால் பழி வைஃபைமேல்தான். அப்போது முதலில் பார்க்க வேண்டியது, போன் பிடித்திருக்கும் அலைவரிசை 2.4 கிகாஹேர்ட்ஸா, 5 கிகாஹேர்ட்ஸா என்பது.

2.4 சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல். அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சுற்றிலும் தொடர்மாடிகள் நிற்கும் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் எத்தனை பெயர்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் இந்த மூன்று சனலில்தான் முட்டி மோதுகின்றன. புளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசையில் வேலை செய்பவை. 5 கிகாஹேர்ட்ஸில் இடம் தாராளம், வேகமும் பல மடங்கு. ஆனால் கொங்கிறீட் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் துவண்டுவிடும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணும் இங்கேதான் ஏமாற்றும். வைஃபை 6 பெட்டியில் ஏஎக்ஸ் 1800 என்றால் 2.4க்கு 574 எம்பிபிஎஸ், 5க்கு 1201 எனக் கூட்டி முழுதாக்கிய எண். உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் ஏறும். அந்த எண்ணும் காகிதத்தில் உள்ள உச்சம், கையில் கிடைப்பது அதைவிட நன்றாகக் குறைவு.

புது ரவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயரை வைத்து வருகின்றன. தூரம் போகப் போக 2.4இன் சிக்னல்தான் பலமாகத் தெரியும் என்பதால் போன் அதில் ஒட்டிக்கொள்ளும். சோதிக்கும் நாட்களுக்கு மட்டும் பெயர்களைப் பிரித்து வையுங்கள், எதில் இருக்கிறீர்கள் என்று தெரியும். 2.4இல் சனல் அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸிலேயே விடுவது நல்லது. 40க்கு ஏற்றினால் இந்த நெரிசலில் மோதல்தான் கூடும். செட்டிங்கில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருக்கட்டும். பழைய டிகேஐபி முறையில் கிடந்தால் இணைப்பு வேகம் 54க்கு மேல் போகாது.

இவ்வளவும் செய்த பிறகு எங்கள் பின் அறையில் 8 என்பது 15 ஆனது. சுவர் சுவர்தான். அப்புறம்தான் கணினிக் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவுக்குப் போய்க் கடை கடையாக விசாரித்தேன்.

ரவுட்டரின் சிக்னலைப் பிடித்துத் திரும்பப் பரப்பும் எக்ஸ்டெண்டர் மலிவு. பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் சாதாரண எக்ஸ்டெண்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிச் சொல்கிறது. ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். பலர் செய்யும் பிழை, சிக்னல் வராத அறைக்குள்ளேயே அதைச் செருகுவது. வராததை அது எப்படி நீட்டும்? பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பாதி வழி குசினி, மைக்ரோவேவுக்குப் பக்கம். ரீவி ஒன்றுக்கு மட்டும் என்றால் போதும். வகுப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் இதைவிட எவ்வளவோ மேல். பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதால் வீட்டுக்குள் நடந்தபடியே கதைத்தாலும் போன் ஒன்றிலிருந்து மற்றதற்கு அறுபடாமல் மாறும். தங்களுக்குள் பேச மூன்றாவது ரேடியோ தனியாக இருக்கும் வகை என்றால் வேகமும் பாதியாகாது. வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் மெஷ்தான் சரி. விலைதான் கனம். எங்கள் வீட்டைப் போன்ற தடித்த சுவர்களுக்கு இரண்டு பெட்டி போதாமல் மூன்று தேவைப்படலாம் என்று கடைக்காரத் தம்பியே சொன்னார்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பைபர் இழுக்க வந்தவர் வாசலுக்குக் கிட்ட வைத்துவிட்டுப் போன பெட்டிக்கே சொந்தமாக வைஃபை உண்டு. நான் புது ரவுட்டரை அதே மேசையில், அதன் தோளோடு தோளாக வைத்திருந்தேன். இரண்டும் ஒரே மூலையிலிருந்து ஒரே ஹோலுக்குத்தான் கத்திக்கொண்டிருந்தன. புது ரவுட்டரின் இடம் அதுவல்ல, ஒரு கேபிளின் மறு முனை.

20 மீட்டர் கேட்5இ கேபிள் வாங்கினேன். இந்த வகை 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் நீளம் கவலையில்லை. அலுமினியத்தில் செப்பு பூசியது வேண்டாம், முழுச் செப்பு என்று கேட்டு வாங்குங்கள். சுவரடியில் பிளாஸ்ரிக் கேசிங் அடித்து, கதவு நிலையின் ஓரமாகக் கொண்டுபோனேன். வெளிச் சுவரால் இழுப்பது சுலபமாகத் தெரிந்தது, ஆனால் செய்யவில்லை. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் விழும் இடிமின்னல் தெரியும்தானே. பைபர் கண்ணாடி இழை, மின்சாரம் கடத்தாது. நெட்வேர்க் கேபிள் செப்பு. அதை வெளியே விட்டால் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளுக்கு ஆபத்து.

புது ரவுட்டரின் செட்டிங்கில் ‘அக்செஸ் பொயின்ற்’ என்று மாற்றினால் அது ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வைஃபையை மட்டும் பரப்பும். அந்தத் தெரிவு இல்லாத பழைய ரவுட்டர் என்றாலும் வழி உண்டு. அதன் முகவரியை முன் பெட்டியினதோடு மோதாமல் மாற்றி, டிஎச்சிபியை (மற்றச் சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, கேபிளை வான் போர்ட்டில் (இணைய லைனுக்கானது) அல்லாமல் லான் போர்ட்டில் (வீட்டுச் சாதனங்களுக்கானது) செருகுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ரவுட்டருக்குப் பின்னால் ரவுட்டர் என்று ஆகிவிடும். சாதாரண உலாவலில் தெரியாது, ஒன்லைன் விளையாட்டுகளும் சில அழைப்புகளும் தடுமாறும். இரண்டு பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்து, 2.4இல் ஒன்றை 1லும் மற்றதை 11லும் வைத்தேன்.

குறை உண்டு. மெஷ் போல இவை ஒன்றையொன்று அறியா. ஹோலிலிருந்து பின்னால் போனால் போன் சில நேரம் முன் பெட்டியையே பிடித்துக்கொண்டு நிற்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். கேபிள் வசதி இருந்து காசும் இருந்தால், மெஷ் பெட்டிகளையே கேபிளால் இணைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது.

கரண்ட் வயர் வழியாக இணையம் அனுப்பும் பவர்லைன் பெட்டிகளும் உண்டு. பல முறை நீட்டி ஒட்டுப்போட்ட பழைய வயரிங்கில் அதை நம்ப மாட்டேன்.

மகளின் மேசையில் இப்போது 85 வருகிறது. முன் அறையில் இருக்கும் அம்மாவின் பழைய போனுக்கு 5 கிகாஹேர்ட்ஸ் தெரியாது. டொராண்டோவில் உள்ள அண்ணனோடு இரவில் கதைப்பது அதில்தான். அதற்காக முன் பெட்டியின் 2.4ஐ அணைக்காமல் விட்டிருக்கிறேன்.