5 மடங்கு லென்ஸ், ஒற்றை விளக்கு: எட்டு வருடமாகப் பழைய காசுகளின் தரம் பார்த்த அனுபவம்

பழைய காசின் தரத்தை, அதாவது அது எவ்வளவு தேயாமல் அடிபடாமல் இருக்கிறது என்பதை, கணிக்க என்ன வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இரண்டே பொருள்தான். 5 மடங்கு பெரிதாகக் காட்டும் கை லென்ஸ், கழுத்து வளைகிற ஒரு மேசை விளக்கு. எட்டு வருடமாக இவற்றை வைத்துத்தான் பார்க்கிறேன். முதலில் நான் வாங்கியது 20 மடங்கு லென்ஸ். அதில் எந்தக் காசைப் பார்த்தாலும் குண்டும் குழியுமாகத் தெரிந்தது, ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியுமே தவிர முழு முகம் ஒரு பார்வையில் அடங்காது, நல்ல காசுகளைக்கூட மோசம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். பிற்பாடு யாரோ ஒட்டவைத்த ஆலைக்குறி (காசை அடித்த ஆலையைக் காட்டும் சின்ன அடையாளம்), திருத்திய வருட எண் இவற்றைக் கண்டுபிடிக்க அந்த 20 மடங்கு லென்ஸ் உதவும். தரம் பார்க்க 5 மடங்கே சரி, 7 வரை போகலாம்.

லென்ஸைவிட விளக்குதான் முக்கியம் என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. குழல் விளக்கு மாதிரி பரவலான வெளிச்சம் மெல்லிய கீறல்களை மறைத்துவிடும். அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே இடத்திலிருந்து வரும் வெளிச்சத்தின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். புழங்காத காசாக இருந்தால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல ஒரு ஒளிக்கீற்று காசின் மேல் சுற்றி வரும். அச்சடிக்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்வதால் உண்டாகும் நுண்ணிய வரிகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. காசு கைமாறக் கைமாற முதலில் மேடுகளிலும் பிறகு உருவமோ எழுத்தோ இல்லாத சமதளத்திலும் அந்த வரிகள் அழிந்துவிடும். ஒருமுறை போனால் எந்த மெருகாலும் திரும்பாது.

இதைத் தெரியாமல்தான் இரண்டாவது வருடத்தில் ஒரு வெள்ளிக் காசு வாங்கினேன். புதிது போல மின்னியது. தரச்சான்று தரும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன், தர எண் எதுவும் இல்லாமல் 'டீடெயில்ஸ்' (குறை இருப்பதால் எண் தரவில்லை என்று அர்த்தம்) என்று மட்டும் போட்டு, சுத்தம் செய்யப்பட்டது என்ற குறிப்போடு வந்தது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. அன்றிரவு விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தபோது எல்லாமே தெரிந்தது: ஒளிக்கீற்று சுழலவே இல்லை, ஒரே திசையில் முடி போல மெல்லிய கீறல்கள், எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு. ஆனால் கோடு தெரிந்தாலே தேய்த்த காசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆலையிலேயே காசை அடிக்கும் அச்சுக்கு மெருகு போடும்போது அச்சில் விழும் கீறல் காசில் மேடாகப் பதியும், அது உருவத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிடும். துணியால் தேய்த்த கீறல் பள்ளமாக இருக்கும், உருவத்தின் மேலும் ஏறிப் போகும்.

அப்புறம், எனக்கு அதிக நாள் பிடித்த விஷயம், தேய்மானத்துக்கும் மந்தமாக விழுந்த அச்சுக்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவின் மார்கன் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள், 1878 முதல் 1904 வரையும் மறுபடி 1921-லும் அடித்த வெள்ளிக் காசு. முன்பக்க முகத்தில் காதுக்கு மேலே இருக்கும் முடியும் பின்பக்கக் கழுகின் மார்பும்தான் அதில் உயர்ந்த இடங்கள். அச்சில் இந்த இரண்டும்தான் ஆழம், அதனால் அழுத்தம் போதாவிட்டால் உலோகம் அங்கே போய் நிரம்பாது, முடி மழுங்கித் தெரியும். நியூ ஆர்லியன்ஸ் ஆலையில் அடித்த பல காசுகள் இப்படித்தான், ஒரு நாள்கூடப் புழங்காத காசு பல வருடம் புழங்கியது போல இருக்கும். அந்த மழுங்கிய இடத்திலும் பளபளப்பு தொடர்ந்து ஓடினால் அச்சு மந்தம், அங்கே மட்டும் நிறம் மாறிச் சாம்பலாகத் தெரிந்தால் தேய்மானம். இதைக் கண்ணால் பார்த்துப் பழக, இரண்டு வகைக் காசையும் பக்கத்தில் வைத்து ஒரே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதுதான் வழி.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1 முதல் 70 வரையிலான அளவுகோலை 1949-ல் வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்தார், அமெரிக்காவின் பழைய பெரிய செம்புக் காசுகளுக்காக. 70 தரக் காசின் விலை 1 தரக் காசைப் போல 70 மடங்கு இருக்கும் என்பதுதான் அன்றைய கணக்கு. விலைக்கணக்கு எப்போதோ பொய்த்துப் போனது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 60-லிருந்து மேலே புழங்காதவை. ஆனால் உயர்ந்த இடத்தில் லேசாக மட்டும் தேய்ந்த 58, மூட்டையில் மற்ற காசுகளோடு மோதி முகமெல்லாம் வெட்டுப்பட்ட 60-ஐவிடப் பார்க்க எவ்வளவோ அழகாக இருக்கும். என்னிடம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் 58-ஐத்தான் எடுப்பேன்.

சேமிப்பில் ஒரே எச்சரிக்கை: மிருதுவான பிவிசி பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுப்புப் படியும், நாளாக ஆக உலோகத்தையே அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் நனைத்தால் படிவு போகும் (ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது), அரித்த இடம் அரித்ததுதான்.

இன்றும் நான் தடுமாறுவது 63-க்கும் 64-க்கும் நடுவில். ஒரே அளவு வெட்டு, உருவத்தின் தலைமுடிக்குள் இருந்தால் கண்ணில் படாது, கன்னத்தில் இருந்தால் முதல் பார்வையே அங்கேதான் போகும், அதற்கு எவ்வளவு குறைப்பது என்பதில் சான்று தருபவர்களே ஒத்துப்போவதில்லை. அதனால் என் கணிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காசோடு வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்துச் சீட்டைப் பார்க்காமல் மறுபடி கணிக்கிறேன். இரண்டும் ஒத்துவராத காசுகள் தனி டப்பாவில் இருக்கின்றன, இப்போதைக்குப் பதினொன்று.