23,400 ரூபாய் போச்சு: செகண்ட் ஹேண்ட் நீராவி இன்ஜின் மாடல் வாங்குறவங்க படிச்சிட்டு வாங்குங்க

போன வாரம் பார்சல் வந்தது, இன்று காலை என் புகாரை மூடிவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வாங்கும் முன் பார்க்க வேண்டியதை எல்லாம் கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

பழைய நாணயம், கடிகாரம், பொம்மை என்று சேகரிப்புப் பொருட்கள் விற்கும் ஓர் ஆன்லைன் சந்தை. பொருள், ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற பிரிட்டிஷ் நீராவி இன்ஜினின் மாடல்: ஏ3 வகுப்பு, எண் 4472, எல்என்இஆர் என்ற பழைய ரயில் கம்பெனியின் பச்சை. "எச்ஓ ஸ்கேல், டிசிசி பொருத்தியது, ஓட்டிப் பார்த்தது, புதுசு மாதிரி" என்று போட்டிருந்தார்கள். டிசிசி என்றால் டிஜிட்டல் சிக்னலில் இன்ஜினை ஓட்டும் முறை. விலை 23,400.

முதல் வார்த்தையிலேயே உஷாராகியிருக்க வேண்டும். பிரிட்டிஷ் இன்ஜின் மாடல்கள் பெரும்பாலும் ஓஓ, அதாவது 1:76, நிஜ இன்ஜினில் 76-ல் ஒரு பங்கு அளவு. எச்ஓ என்றால் 1:87. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுவதால் விற்பவர்கள் குழம்புவது சகஜம் என்று விட்டுவிட்டேன்.

நம்ப வைத்தது வீடியோ. நாற்பது நொடி. ரோலர் ஸ்டாண்டின் மேல் (சக்கரத்தை நின்ற இடத்திலேயே சுற்றவிடும் உருளைகள்) இன்ஜின், ஆறு பெரிய சக்கரமும் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது, இணைப்புக் கம்பிகள் மினுங்குகின்றன, பின்னால் பாட்டு. அப்போதே பணத்தைப் போட்டாகிவிட்டது. பாட்டு எதற்கு என்று யோசிக்கவில்லை. சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் ஒரு 'டிக்' கேட்கும், அதை அமுக்கத்தான் பாட்டு! ரோலர் மேல் இழுக்க எந்தப் பளுவும் கிடையாது, பிளந்த கியர்கூட அங்கே ஓடும்.

தண்டவாளத்தில் வைத்து 4 வோல்ட் கொடுத்தால் நொண்டி நொண்டி நகர்ந்தது. நாலு பெட்டி மாட்டினால் மோட்டார் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. அடித்தட்டைக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். ஓட்டும் அச்சிலுள்ள பிளாஸ்டிக் கியர் பிளந்திருந்தது. இரும்பு அச்சில் இறுக்கி ஏற்றிய கியர், வருஷக்கணக்காக அந்த இறுக்கத்திலேயே இருந்து வெடிக்கும். வெடித்த இடத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே இடைவெளி அகலும், அதைச் சுற்றும் வார்ம் (திருகு மாதிரி கியர்) அங்கே வரும்போதெல்லாம் இடறும். 'டிக்' அதுதான்.

கியர் மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம். பாடியைத் தூக்கினால் சேஸிஸ் வார்ப்பு முழுக்க வலைபோல மயிரிழை விரிசல், நகத்தால் தொட்டாலே சாம்பல் நிறத்தில் உதிர்கிறது. மஸாக் அழுகல். மஸாக் என்ற துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், வார்ப்பு உள்ளுக்குள்ளேயே அரித்து வீங்கும். மோட்டார் உட்காரும் பள்ளம் விலகிவிட்டது, பாடித் திருகு துளைக்கு நேராக விழவில்லை. இதற்குப் பசையும் பற்றவைப்பும் உதவாது. மாற்று சேஸிஸ் கிடைத்தால் உண்டு. டிசிசி? 8 பின் சாக்கெட்டில் வெறும் டம்மி பிளக். அதற்குப் பெயர் டிசிசி ரெடி. டிகோடருக்கு, அதாவது டிசிசி சிக்னலைப் படித்து மோட்டாரை ஓட்டும் சில்லுக்கு, தனிக் காசு.

விற்றவரிடம் கேட்டால், "கொஞ்சம் எண்ணெய் போடுங்க சார்." போட்டாச்சு என்றால், "அரை மணி நேரம் ரெண்டு பக்கமும் ஓட விடுங்க, செட் ஆயிடும்." விரிசலைப் படமெடுத்து அனுப்பினேன். "கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." கூரியரில் அடிபட்டால் பஃபர் உடையும், கைப்பிடிக் கம்பி வளையும். வார்ப்பு வீங்குமா ஐயா? அதோடு பதிலே நின்றுவிட்டது. சந்தையின் உதவி மையமோ, "சேகரிப்புப் பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை, படத்தில் உள்ள பொருள்தான் வந்திருக்கிறது" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டது. படத்தில் உள்ளதுதான் வந்தது, மறுக்கவில்லை. பச்சைப் பெயின்டுக்கு மட்டும் 23,400 ரூபாயா?

வரிசையாகத் தருகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ரோலர் வீடியோவை நம்பாதீர்கள். தண்டவாளத்தில், நாலு பெட்டியோடு, முன்னும் பின்னும், மெதுவாக, பாட்டில்லாமல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கியர் தெரியும்படி அடிப்பக்கம் ஒரு படம், பாடியைத் தூக்கிவிட்டு சேஸிஸ் இரண்டு பக்கமும் படம். "திறக்கத் தெரியாது சார்" என்றால் விட்டுவிடுங்கள். டிசிசி பொருத்தியது என்றால் டிசிசி கன்ட்ரோலரில் முகவரி (அந்த இன்ஜினை அழைக்கும் எண்) கொடுத்து ஓட்டிக் காட்டட்டும், டிகோடர் புதிதாக வந்தபோது உள்ள முகவரி 3. பார்சல் பிரிப்பதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே போட்டுவிடாதீர்கள், 23,400ஐ நான் போட்ட மாதிரி.