ரெவிட்டா, ஆர்க்கிகேடா: சின்ன அலுவலகத்துக்கு எது ஒத்துவரும்?

நாலைந்து பேர் உள்ள ஆர்க்கிடெக்ட் அலுவலகம், வருடம் முழுக்க வீடுகள், நடுவில் ஒரு ஸ்டில்ட் பிளஸ் நாலு அப்பார்ட்மென்ட் என்று ஓடுகிறவர்கள் பிம்முக்கு, அதாவது கட்டிடத்தை ஒரே முப்பரிமாண மாடலாக வரைந்து எல்லா டிராயிங்கையும் அதிலிருந்தே எடுக்கும் முறைக்கு, மாறலாமா என்று கேட்டால், தயங்காமல் மாறுங்கள் என்பேன். ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும் வைத்து வேலை நடக்கும்தான். ஆனால் கிளையன்ட் ஒரு ஜன்னலை இரண்டடி தள்ளச் சொன்னால் பிளான், எலிவேஷன், செக்ஷன், அளவுப் பட்டியலான ஷெட்யூல் எல்லாவற்றிலும் தனித்தனியாகத் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் அது சைட்டில்தான் தெரியவரும்.

சரி, பிம் மென்பொருள்களான ரெவிட், ஆர்க்கிகேட் இரண்டில் எதற்கு மாறுவது?

தினசரி வரைகிற வேலைக்கு என் ஓட்டு ஆர்க்கிகேடுக்குத்தான். ஒரு செக்ஷனை வைத்தே சொல்கிறேன். நம் ஊர் வீடு என்றால் ஆர்சிசி ஃபிரேம், நடுவில் 230 மிமீ செங்கல் சுவர். ஆர்க்கிகேடில் ஒவ்வொரு கட்டுமானப் பொருளுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. கான்கிரீட்டுக்குச் செங்கல்லைவிடக் கூடுதல் எண் கொடுத்துவிட்டால் சுவர் பீமையும் தூணையும் சந்திக்கும் இடத்தில் கான்கிரீட் தானாகவே சுவரை வெட்டிக்கொள்ளும், செக்ஷன் சுத்தமாக வரும். ரெவிட்டில் இதே இடங்களில் ஜாயின் ஜாமெட்ரி கொடுத்துக் கையால் இணைக்க வேண்டியது நிறைய, எது எதை வெட்ட வேண்டும் என்ற வரிசையையும் சில சமயம் மாற்றிவிட வேண்டும். கவனிக்காமல் விட்டால் சுவரும் பீமும் ஒன்றுக்குள் ஒன்று நின்று, ஷெட்யூலில் செங்கல் கன அளவு கூடுதலாகக் காட்டும். அந்தக் கணக்கை நம்பித்தான் கான்ட்ராக்டரிடம் பேசப்போகிறோம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

ஆர்க்கிகேட் மேக்கிலும் ஓடும், ரெவிட்டுக்கு விண்டோஸ் வேண்டும்.

ஆனால் ஆள் எடுக்கும்போது கதை மாறுகிறது. புதிதாகப் படித்துவிட்டு வருகிற பையன்களும் பெண்களும் ரெவிட் பழகியிருப்பார்கள், ஆர்க்கிகேட் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் ஃபேமிலி, அதாவது ஜன்னல், கதவு மாதிரி திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாகங்கள். மேலே வென்டிலேட்டர், உள்ளே கிரில் என்று நம் வழக்கப்படி ஒரு ஜன்னல் வேண்டுமென்றால் ரெவிட்டில் ஒரு வரி கோட் எழுதாமல், அளவு மாற்றினால் கூடவே மாறுகிற மாதிரி செய்துவிடலாம். ஆர்க்கிகேடில் இதற்கு ஜிடிஎல் என்ற நிரல்மொழி வேண்டியிருந்தது, 24ஆம் பதிப்பில் பாரம்-ஓ என்ற கருவி வந்த பிறகு கொஞ்சம் சுலபம், இருந்தாலும் ரெவிட் அளவுக்குக் கை ஓடாது.

ரெவிட்டில் என்னைக் கடுப்பேற்றுவது பதிப்புப் பிரச்சினை. 2025இல் சேமித்த ஃபைலை 2024க்கு இறக்கவே முடியாது. கன்சல்டன்ட் பழைய பதிப்பில் இருந்தால் வேலை தொடங்கும்போதே எல்லாரும் ஒரே பதிப்பு என்று பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆர்க்கிகேடில் ஒரு பதிப்பு பின்னால் போய்ச் சேமிக்கலாம். ரெவிட்டுக்கு விலையும் இருக்கிறது: வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். 2020இல் பிரிட்டனின் பெரிய ஆர்க்கிடெக்ட் நிறுவனங்களே விலை ஏறுகிறது, மென்பொருள் வளரவில்லை என்று ரெவிட்டைச் செய்கிற ஆட்டோடெஸ்க்குக்குத் திறந்த மடல் எழுதின. சின்ன அலுவலகத்துக்கு அது இன்னும் பாரம். மலிவாகக் கிடைக்கிற ரெவிட் எல்டி தனி ஆளுக்குப் போதும், ஆனால் இரண்டு பேர் ஒரே மாடலில் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது.

இரண்டுக்கும் நடுவே மாடலைப் பரிமாற ஐஎஃப்சி என்ற பொது ஃபைல் வடிவம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஐஎஸ்ஓ 16739 என்று தரநிலையாகவும் ஆகிவிட்டது. பைப்பும் பீமும் மோதுகிறதா என்று கிளாஷ் பார்க்க, மாடலைக் காட்ட நன்றாக உதவும். ஆனால் ஆர்க்கிகேட் கதவு அந்த வழியாக ரெவிட்டுக்குள் வந்தால் அது பார்க்கத்தான் கதவு, அளவை மாற்றித் திருத்தலாம் என்று நம்பி உட்காராதீர்கள்.

காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு ஃப்ரீகேட் 1.0, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்குள் ஓடும் போன்சாய் இரண்டும் உண்டு. ஐஎஃப்சி ஃபைலைத் திறந்து பார்க்கவும் கற்றுக்கொள்ளவும் அருமை. முழு வொர்க்கிங் டிராயிங் செட்டை அவற்றில் எடுக்க நான் இன்னும் சொல்ல மாட்டேன்.

வீடும் வில்லாவுமே உங்கள் வேலை, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைல் மட்டும் கேட்கிறார் என்றால் ஆர்க்கிகேட் எடுங்கள். ஆஸ்பத்திரி, காலேஜ் என்று போகிறீர்கள், ஏசியும் பிளம்பிங்கும் செய்கிற கன்சல்டன்ட் ரெவிட்டில் இருக்கிறார் என்றால் ரெவிட்தான், அங்கே வேறு பேச்சு வேண்டாம். வாங்குவதற்கு முன் இரண்டின் டிரையலையும் இறக்கி, ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு வீட்டின் மாடிப்படி செக்ஷனையும் டாய்லெட் டீட்டெய்லையும் போட்டுப் பாருங்கள், கூடவே உங்கள் இன்ஜினியரிடம் அவருடைய ஃபைல் ஒன்றை வாங்கி இரண்டிலும் லிங்க் செய்து பாருங்கள்.