பிளேரைட்: மேக் இல்லாதவனுக்குக் கிடைத்த அரை சஃபாரி

புகார் ஒரே வரிதான்: ஐஃபோனில் முன்பதிவுப் படிவத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம் வருகிறது. ஆதாரமாக வாடிக்கையாளர் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பியிருந்தார். வெள்ளைப் பக்கத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்று அப்போது எரிச்சலாக இருந்தது. என் விண்டோஸ் மடிக்கணினியில் குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் மூன்றிலும் அந்தப் படிவம் சமர்த்தாகத் திறந்தது. ஐஃபோன் சஃபாரியின் கன்சோலை, அதாவது பிழைச்செய்திகள் விழும் சாளரத்தைப் பார்க்க வேண்டுமானால் மேக் வேண்டும். என்னிடம் மேக் இல்லை.

குரோமின் டெவலப்பர் கருவிகளில் ஐஃபோன் அளவைத் தேர்ந்தெடுத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இருக்காதா பின்னே? அங்கே மாறுவது திரையின் அளவும் உலாவி சொல்லிக்கொள்ளும் பெயரும்தான். உள்ளே ஓடுவது, பக்கத்தை வாசித்துத் திரையில் வரையும் குரோமின் இன்ஜினே. புலித்தோல் போர்த்திய பசுவிடம் உறுமலை எதிர்பார்த்த கதை. இதில் அரை நாள் போனது.

பிளேரைட்டை நிறுவியது அதற்குப் பிறகுதான். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்ட கருவி. காசு கிடையாது, மூலநிரல் திறந்திருக்கிறது. குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான திறந்த மூலநிரல் உலாவி), ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றையும் தானே இறக்கிக்கொண்டு, ஒரே சோதனை நிரலை மூன்றிலும் ஓட்டிக் காட்டும். வெப்கிட் என்பது சஃபாரியின் உள்ளே இருக்கும் இன்ஜின். அதை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும்படி செய்து கொடுத்திருப்பதற்காகவே இந்தக் கருவிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தந்துவிடலாம். வட்டில் நூற்றுக்கணக்கான மெகாபைட் இடம் பிடிக்கும் என்பதை மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் முதல் ஓட்டத்தில் வெப்கிட்டும் பச்சை காட்டியது. படிவம் திறக்கிறது, தேதி தேர்வாகிறது, பொத்தான் அழுந்துகிறது. கருவியைத் திட்டிக்கொண்டே வாடிக்கையாளரிடம் ஐஓஎஸ் பதிப்பைக் கேட்டேன். 15 என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பிளேரைட்டின் ஒவ்வொரு பதிப்பும் அதற்கென்று கட்டிய உலாவிகளோடுதான் வரும். புதிய பிளேரைட் என்றால் புதிய வெப்கிட். அப்படியானால் பழைய பிளேரைட்டைப் போட்டால் பழைய வெப்கிட் வர வேண்டும் அல்லவா? தனிக் கோப்புறையில் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றை நிறுவி அதே சோதனையை ஓட்டினேன். முதல் நொடியிலேயே சிவப்பு. வழிகாட்டிப் பக்கங்கள் இந்த உத்தியைப் பெரிதாகச் சொல்வதில்லை. பழைய கட்டுமானங்கள் புதிய லினக்ஸ் வெளியீடுகளில் முரண்டு பிடிக்கலாம். என் விண்டோஸில் ஓடியது.

பிழைச்செய்தி ரெகுலர் எக்ஸ்பிரஷனில், அதாவது எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீட்டில், குறை என்றது. குற்றவாளி நான் எழுதிய வரி அல்ல, தேதி காட்டும் ஒரு சிறு லைப்ரரி, பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு. அதன் புதிய வெளியீட்டில் யாரோ 'லுக்பிஹைண்ட்' பயன்படுத்தியிருந்தார்கள். அதாவது, ஒரு எழுத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கும் குறியீடு. குரோம் அதை 2017இலும் ஃபயர்பாக்ஸ் 2020இலும் ஏற்றுக்கொண்டன. சஃபாரி ஏற்றது 2023 மார்ச்சில், 16.4 பதிப்பில்தான். இது இலக்கணப் பிழை என்பதால் அந்த ஒரு வரியோடு நிற்காது. கோப்பை வாசிக்கும்போதே இன்ஜின் முழுக் கோப்பையும் தூக்கி எறிந்துவிடும். எங்கள் தளத்தில் எல்லா லைப்ரரிகளும் ஒரே கோப்பாகக் கட்டப்பட்டிருந்தன. ஒரு குறியீட்டுக்காகப் படிவமே காணாமல் போனது அப்படித்தான். பழைய உலாவியின் குறையை நிரப்பும் துணை நிரலான பாலிஃபில் போட்டாலும் பயனில்லை, இல்லாத ஃபங்ஷனைத்தான் பாலிஃபில் கொண்டுவரும். புரியாத இலக்கணத்தைப் புரியவைக்காது. லைப்ரரியை முந்தைய வெளியீட்டுக்கு இறக்கிப் பூட்டினேன். வெள்ளைப் பக்கம் போயிற்று.

இரண்டாவது கதையில் குற்றவாளி நான். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தும் சோதனை ஃபயர்பாக்ஸில் மட்டும் பத்துக்கு இரண்டு முறை தோற்றது. கருவிதான் தடுமாறுகிறது என்று முடிவுகட்டி, தோற்றால் இரண்டு முறை மீண்டும் முயல் என்று அமைப்பில் எழுதிவிட்டு ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு நாள் டிரேஸ் வியூவரைத் திறந்தேன். பிளேரைட்டின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பேன். ஒவ்வொரு செயலுக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது, எந்தக் கோப்பு எப்போது வந்து சேர்ந்தது, கன்சோலில் என்ன விழுந்தது என்று எல்லாவற்றையும் காலக்கோட்டில் இழுத்து இழுத்துப் பார்க்கலாம். பொத்தான் அழுந்திய நேரத்தில் லைப்ரரிக் கோப்பு இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தது. பொத்தான் கண்ணுக்குத் தெரிகிறது, அதைக் கேட்க ஆளில்லை. "இரண்டு முறை அழுத்தினால்தான் போகிறது" என்று சிலர் முன்பே எழுதியது நினைவுக்கு வந்தது. லைப்ரரி தயாராகும்வரை பொத்தானைச் செயலிழக்க வைத்தேன். மறுமுயற்சி வரியை வெட்கத்தோடு அழித்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இதில் வரும் வெப்கிட், சஃபாரி அல்ல. நிறுவிய சஃபாரியையோ நிறுவிய ஃபயர்பாக்ஸையோ பிளேரைட் இயக்குவதில்லை. ஒட்டுப்போட்ட தன் சொந்தக் கட்டுமானங்களைத்தான் இயக்குகிறது. குரோமும் எட்ஜும் மட்டும் நிறுவியபடியே ஓடும். வீடியோ, ஆடியோ சார்ந்த லைப்ரரிகளுக்கு வெப்கிட் முடிவை நம்பாதீர்கள். எந்தக் கோடெக் (ஒலி, காட்சிக் கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் நிரல்) கிடைக்கும் என்பது இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும். மென்விசைப்பலகை மேலெழும்பிப் பாதித் திரையை விழுங்கும் சிக்கலுக்கும் உண்மையான கைபேசிதான் கதி. அதற்கு இன்றும் ஒரு நண்பரின் ஐஃபோனைக் கடன் வாங்குகிறேன்.

அந்தப் பழைய கோப்புறையை அழிக்கவில்லை. லைப்ரரி எதையாவது புதுப்பிக்கும் நாளில், புதிய பதிப்பில் பச்சை வந்த பிறகு 2022இலும் ஒருமுறை ஓட்டுகிறேன். போன வாரம் மறுபடி சிவப்பு வந்தது. இம்முறை வேறு லைப்ரரி, அதே லுக்பிஹைண்ட்.