'பிடிபடாத பாட்' வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் படிக்க

ஆன்லைன் கேமில் நமக்குப் பதிலாக விளையாடித் தரும் மென்பொருளான பாட்களை விற்பவர்கள் ஏமாற்றும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். முதலில் ஒரு வீடியோ. ஆள் தூங்கிக்கொண்டிருக்க, கேரக்டர் தானாக மூலிகை பறிக்கிறது, மிருகங்களைக் கொல்கிறது, விடிந்தால் கோல்டு (கேமுக்குள் செல்லும் பணம்) குவிந்து கிடக்கிறது. கீழே டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிக்கு ஒரு லிங்க். உள்ளே மாதச் சந்தா, அதைவிட விலை கூடிய 'லைஃப்டைம்' சந்தா. பணம் கிரிப்டோவிலோ கிஃப்ட் கார்டிலோ மட்டும். சில வாரம் நன்றாக ஓடும். பிறகு அக்கவுண்ட் பேன், அதாவது தடை. விற்றவரிடம் போனால், "அத்தனை மணி நேரம் ஓட்டாதே என்று சொன்னேனே" என்று கையை விரிப்பார். மறுபடி கேட்டால் டிஸ்கார்ட் குழுவிலிருந்தே நீக்கிவிடுவார். வங்கி மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழி இவற்றில் கிடையாது. அவர் இவற்றில் மட்டும் வாங்குவது அதனால்தான்.

விற்பவர்கள் சொல்லும் 'அன்டிடெக்டட்' (பிடிபடாதது) என்ற சொல்லுக்கு 'இன்னும் பேன் வரவில்லை' என்பதற்கு மேல் பொருள் இல்லை. பாட்டைக் கண்டுபிடித்த அன்றே கேம் நிறுவனங்கள் பல நேரம் தடை செய்வதில்லை. உடனே தடுத்தால், எந்த வெர்ஷன் எதனால் மாட்டியது என்று எழுதியவருக்குத் தெரிந்துவிடும். அதனால் வாரக்கணக்கில் பட்டியல் சேர்த்து ஒரே வீச்சில் தூக்குவார்கள். 2015 மே மாதம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அக்கவுண்ட்களை அந்த கேமின் நிறுவனமான பிளிசார்ட் 6 மாதத்துக்கு முடக்கியது அப்படித்தான். 2022 மார்ச்சில் லாஸ்ட் ஆர்க் என்ற கேமில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பாட் அக்கவுண்ட்கள் போயின. ஆகவே முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை என்பது எதற்கும் சான்றல்ல. நீங்கள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கலாம்.

"கேமின் மெமரியைத் தொடுவதில்லை, திரையைப் பார்த்துத்தான் கிளிக் செய்கிறது" என்பது அடுத்த வாக்குறுதி. உங்கள் கணினியில் ஓடும் ஆன்டி-சீட்டுக்கு (ஏமாற்று வேலையைக் கண்டறியும் மென்பொருள்) அது தப்பலாம். ஆனால் எந்த நொடியில் எங்கே நடந்தீர்கள், எதைத் தொட்டீர்கள் என்பதெல்லாம் கேம் சர்வரில் பதிவாகிறது. "ரேண்டம் டிலே வைத்திருக்கிறோம்" என்பார்கள், அதாவது கிளிக்குகளுக்கு இடையே ஒழுங்கற்ற இடைவெளி. 200 முதல் 300 மில்லிசெகண்டுக்குள் சமமாகச் சிதறும் இடைவெளிகளை வரைந்து பார்த்தால் தட்டையான பெட்டிபோல இருக்கும். மனிதக் கை அப்படி இயங்காது. பெரும்பாலான அழுத்தல்கள் ஓரிடத்தில் குவியும், நடுவில் தண்ணீர் குடிக்க எழுந்த 40 செகண்ட் வரும், களைத்தபின் வேகம் குறையும். 14 மணி நேரம் வேகம் குறையாத கேரக்டரைப் பிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை.

பேன் விழுந்த பிறகும் அதே ஆள் இன்னொன்றை விற்பார்: தடைபட்ட கணினியை வேறு கணினிபோலக் காட்ட, அதன் ஹார்டுவேர் அடையாளத்தை மாற்றும் ஸ்பூஃபர். அதற்கு, கணினி துவங்கும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் 'செக்யூர் பூட்' பாதுகாப்பை அணைக்கச் சொல்வார், இயங்குதளத்தின் மையத்தில் ஓடும் கெர்னல் டிரைவர் ஒன்றை ஏற்றச் சொல்வார். இயங்குதளத்தின் அடித்தளத்தையே முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும் வேலை இது. செய்யாதீர்கள்.

காசு கொடுக்க மனமில்லாதவர்கள் தேடிப்போகும் 'கிராக்' பாட் (பூட்டை உடைத்து இலவசமாகத் தருவதாகச் சொல்வது) இதையெல்லாம்விட மோசம். அடையாளங்களைக் கவனியுங்கள். ஃபைல் பாஸ்வேர்டு போட்ட ஜிப்பாக இருக்கும். பாஸ்வேர்டு வீடியோ விவரத்திலேயே இருக்கும். பூட்டிய ஜிப்புக்குள் வைரஸ் ஸ்கேனரால் பார்க்க முடியாது என்பதற்காகவே அந்தப் பூட்டு. அடுத்து, "ஆன்டிவைரஸ் தப்பாகக் காட்டும், அணைத்துவிடுங்கள்" என்ற குறிப்பு. உள்ளே இருப்பது பல நேரம் ரெட்லைன் வகைத் திருட்டு மென்பொருள். ரெட்லைனின் சர்வர்களை 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையும் கூட்டாளிகளும் கைப்பற்றினார்கள், ஆனால் அதே வேலை செய்யும் மற்றவை உண்டு. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், லாகின் குக்கிகள் (நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் சிறு கோப்புகள்), டிஸ்கார்டில் அதே வேலை செய்யும் டோக்கன், கிரிப்டோ வாலட் என்று நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போகும். குக்கி போனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பும் காப்பாற்றாது, ஏனென்றால் அது ஏற்கெனவே லாகின் ஆன அமர்வு.

ஏமாந்தவர் மேல் எங்களுக்கு இரக்கம் உண்டு. ஆனால் பாட் ஓட்டுவதால் ஏமாறும் மற்றவர்களை மறைத்துப் பேச முடியாது. நாள் முழுதும் மூலிகை பறிக்கும் பாட், மாலையில் ஒரு மணி நேரம் பறிப்பவரின் சரக்குக்கு விலை இல்லாமல் செய்கிறது. மிருகங்களைக் கொன்று நாணயம் சேர்க்கும் பாட் கோல்டைப் பெருக்கி, மற்ற எல்லாவற்றின் விலையையும் ஏற்றுகிறது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் குறி தப்பாத ஸ்னைப்பர் பாட்கள் மேட்ச்களை நிறைத்தபோது, 2022 மே மாதம் ஆட்டக்காரர்களே திரண்டு குரல் கொடுக்க வேண்டியிருந்தது.

இயந்திரம் விளையாடுவதே தவறு என்று சொல்லவில்லை. 2019-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல், ஸ்டார்கிராஃப்ட் 2 கேமின் ஐரோப்பியத் தரவரிசையில் பெயர் மறைத்து விளையாடியது. ஆனால் அது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது, சம்மதம் தெரிவித்தவர்களோடு மட்டுமே மோதியது. எதிரே இருப்பவரிடம் கேட்டார்களா என்பதுதான் வித்தியாசம். கேமிலேயே உள்ள ஆட்டோ-பேட்டில் (தானாகச் சண்டையிடும் வசதி) எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாருக்கும் உரியது. அதில் குறை இல்லை. கை அசைவு குறைந்தவர்கள் பயன்படுத்தும் மாற்றுக் கன்ட்ரோலர்களையும் பாட்டோடு சேர்க்கக் கூடாது. அங்கே ஒவ்வொரு முடிவையும் எடுப்பவர் மனிதர். சந்தேகம் இருந்தால், ஒரு அழுத்தலுக்கு ஒரு செயலா என்று பாருங்கள். ஒரு அழுத்தலைப் பல அக்கவுண்ட்களுக்கு அனுப்பும் மென்பொருளைக்கூட 2020 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் பிளிசார்ட் தடை செய்துவிட்டது.

ஏற்கெனவே ஒன்றை இன்ஸ்டால் செய்திருந்தால், முதலில் அந்தக் கணினியின் இணையத்தைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டை அதே கணினியில் மாற்றாதீர்கள், புதியதும் திருடு போகும். வேறொரு சுத்தமான கருவியில் முதலில் மின்னஞ்சலைத் திறந்து பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். மீட்பு எண்ணும், தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதியும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு வங்கி, டிஸ்கார்ட், கேம் அக்கவுண்ட். பிரௌசரில் கார்டு எண் சேமித்திருந்தால் கார்டை முடக்கச் சொல்லுங்கள். கணினியை ஸ்கேன் செய்து திருப்திப்படாமல், யூஎஸ்பி வழியாக விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள்.

பேனுக்கு மேல்முறையீடு செய்தால் பாட் ஓட்டியதை மறைக்காமல் எழுதுங்கள், பதிவுகள் அவர்களிடம் உள்ளன. தற்காலிகத் தடை என்றால் காலம் முடியும்வரை காத்திருங்கள். ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஆன்டி-சீட்டான வேக் போடும் தடை போன்றவை நிரந்தரம், பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். அத்தகைய தடையைக் காசுக்கு நீக்கித் தருவதாக இன்பாக்ஸில் வருபவருக்கு அக்கவுண்ட் விவரம் எதையும் தராமல் பிளாக் செய்யுங்கள்.